அர்பாப்பின் எடைக்கு மூன்று மூட்டை

ரமணா, போன வெள்ளிக்கிழமை உன் அர்பாப் பஸ்ஸில் வந்து என் காலைப் பிடித்தார்.

சிரிக்காதே. ருவைஸ் கேம்ப் பஸ்ஸில்தான். எல்லாரும் கடைக்குப் போய் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். எந்த ரூம்காரர்களோ நாற்பது கிலோ அரிசி மூட்டை ஒன்றை நடுவழியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ரவுண்டபவுட் வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் வளைத்தான். மூட்டை முதலில் தலையைச் சாய்த்தது. அப்புறம் மெல்ல நகர்ந்தது. வழுக்கிக்கொண்டே வந்து என் முழங்காலில் சாய்ந்து நின்றது. நான் என்னை அறியாமல், "வாங்க அர்பாப், உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆந்திராக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னலோரமாக ஒட்டிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கூடவே வேறு ஒன்றும் வந்துவிட்டது. கேம்ப் வரும்வரை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

இனி இதைப் படிக்கிற உங்களிடம் பேசுகிறேன். ரமணனிடம் நேராகப் பேசிக்கொண்டே போனால் எனக்குக் கை ஓடாது. நான் ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். கடிதாசி தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அர்பாப் என்றால் முதலாளி. எங்களுக்கு விசா கொடுத்தவர், வந்த அன்றைக்கே எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்தவர். அந்த மனிதர் எப்படி அரிசி மூட்டை ஆனார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் ரமணனும் ராஸ் அல் கைமாவில் ஒரு கராஜில் வேலை செய்தோம். தகரக் கூரை, ஒரு பெரிய மின்விசிறி, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் கராஜ். பக்கத்தில் சிமென்ட் ஃபேக்டரிகள் இருந்தன. காலையில் துடைத்து வைத்த கார் மத்தியானம் விபூதி பூசிக்கொண்டு நிற்கும். நான் வெல்டர், ஊர் அறந்தாங்கிப் பக்கம். ரமணன் டிங்கர், யாழ்ப்பாணத்தில் சுன்னாகம். ஒடுங்கிய காரை நிமிர்த்துகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. நான் இரண்டு மாதம் மூத்தவன், ஆனாலும் அவன்தான் என்னை அதட்டுவான்.

இப்போதும் எங்காவது கார் பட்டி வாசனை வந்தால் அவன் ஞாபகம் வருகிறது. பழுத்துப்போன வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி ஒரு வாசனை அது. ஆனால் ரமணன் பட்டி பூசுகிற ஆளில்லை. பள்ளத்தில் பட்டியை அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடிக்கிறவர்களை அவன் மதிக்க மாட்டான். சுத்தியலாலேயே தகரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவான். தட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது என்பான். "கல்யாணத்துக்கு அப்புறமும் இப்பிடித்தான் தடவிப் பாத்து, இங்க பள்ளம், அங்க மேடுன்னு சொல்லுவியாடா?" என்று ஒருதடவை கேட்டேன். "பொத்தடா வாயை" என்று சுத்தியலோடு துரத்தினான். தண்ணீர்த் தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினோம்.

கல்யாணம் என்று சும்மா கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பேர் சுதா. நேரில் பார்த்தது இரண்டே தடவை. மற்றதெல்லாம் போன் கார்டில்தான். கார்டில் இருக்கிற வெள்ளி மையைச் சுரண்டிச் சுரண்டி அவன் கட்டைவிரல் நகம் மட்டும் எப்போதும் பளபளப்பாக இருக்கும். பெண் வீட்டில் நாள் வைத்துவிட்டார்கள். இருந்தது மூன்று வாரம். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அர்பாப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் கிளம்ப வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் அர்பாப்பின் அம்மா காரில் வழுக்கினார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் அமெரிக்காவில் செய்தது. மஞ்சள் கலர், முதுகு நெடுக இரண்டு கறுப்புப் பட்டை, எட்டு சிலிண்டர். மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம். ஸ்டார்ட் செய்தால் எதிர்க் கஃப்டேரியாவில் டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று பேசும். நேர் ரோட்டில் விட்டால் அதைப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் வளைவு வந்தால் போச்சு. ரமணன் முதல் தடவை ஓட்டிவிட்டு இறங்கி வந்து சொன்னான்: "மச்சான், இது காரில்லையடா. தோணி. நாலு சில்லுப் பூட்டின தோணி." அவர்களுக்குச் சக்கரம் என்றால் சில்லு.

அர்பாப் நல்ல உடம்புக்காரர். வயது முப்பத்தைந்துதான், ஆனால் சீட்டில் உட்கார்ந்தால் கார் ஒரு பெருமூச்சு விடும். அம்மா மேல் உயிர். ஒருநாள் அந்தம்மாவை இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அந்தம்மா முன்சீட்டில் உட்கார மாட்டார். முன்னால் உட்கார்ந்தால் மகன் போகிற வேகம் கண்ணுக்குத் தெரிகிறதாம். பின்சீட்டு முழுக்க ஒரே ரெக்சின், வழவழவென்று. சீட் பெல்ட்டும் கிடையாது. எங்கள் கராஜுக்குப் பக்கத்தில் ஒரு ரவுண்டபவுட் இருந்தது. நடுவில் சிமென்டில் ஒரு பெரிய காபிக் கூஜா செய்து வைத்திருப்பார்கள். அதற்குள் நுழையும்போது அந்தம்மா இடது ஓரத்துக்குப் போயிருக்கிறார். சுற்றும்போது வலது ஓரத்துக்கு வந்திருக்கிறார். வெளியே வரும்போது மறுபடி இடது ஓரம். மடியில் இருந்த பேரீச்சம்பழக் கூடையும் கூடவே போய்க் கூடவே வந்திருக்கிறது. வீட்டில் இறங்கியதும், இனிமேல் ஆடு ஏற்றுகிற பிக்கப்பில் வந்தாலும் வருவேன், இதில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அர்பாப் காரைக் கொண்டுவந்து கராஜ் நடுவில் நிறுத்தினார். ரமணன் லீவு பேப்பரை நீட்டினான். அவர் அதை வாங்கவில்லை.

"மாஃபி லீவ்" என்றார். லீவு கிடையாது. காரைக் காட்டினார். "அவ்வல் காடி. பாதேன் லீவ்." முதலில் கார், அப்புறம் லீவு.

"அர்பாப், ஷாதி" என்றான் ரமணன். அவருக்குப் புரிகிற மாதிரி கழுத்தில் மாலை போடுவதுபோல இரண்டு கையாலும் காட்டினான்.

"உனக்குக் கல்யாணம்னா எனக்கு அம்மா" என்கிற மாதிரி அரபியில் ஏதோ சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, கூஜா ரவுண்டபவுட்டை மூன்று தடவை சுற்றி, வழுக்காமல் இறங்க வேண்டும். அன்றைக்குத்தான் பாஸ்போர்ட்.

நான் உடனே யோசனை சொன்னேன். "சீட்டுல ஒரு டர்க்கி டவல விரிச்சு நாலு பக்கமும் தச்சு விட்டுருவோம். எங்கிட்டு வழுக்கும்?"

"ஏமாத்தலாம் மச்சான். நான் போனப்பிறகு அந்த மனுசி டவலோட சேர்ந்து கதவைப் பிச்சுக்கொண்டு வெளியில விழும்" என்றான். அப்போதே ஜாக்கியை எடுத்து காரின் முன் மூலை ஒன்றை மட்டும் தூக்கினான். டிரைவர் கதவைத் திறந்தான். திரும்ப மூடினால் மூடவில்லை, ஓரத்தில் இடித்தது. "பாத்தியே? இதுக்கு முதுகெலும்பு இல்லை. முன்னுக்கு எஞ்சினைத் தாங்க ஒரு சட்டம், பின்னுக்குச் சில்லைத் தாங்க ஒரு சட்டம், நடுவில வெறும் தகரம். வளைவில முன்பக்கம் ஒண்டு நினைக்குது, பின்பக்கம் வேற ஒண்டு நினைக்குது."

"நம்ம ரூம் மாதிரி" என்றேன்.

முதல் வாரம் முழுக்க நான்தான் காருக்கு அடியில் கிடந்தேன். முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் சேர்த்து இரண்டு பக்கமும் சதுர இரும்புப் பைப் வைத்து வெல்டிங் செய்தேன். மல்லாந்து படுத்துக்கொண்டு வெல்டிங் அடித்தால் தீப்பொறி காலருக்குள் வந்து விழும். நெளிந்தால் தையல் கோணிவிடும், நெளியாவிட்டால் தோல் போய்விடும். என் இடது தோளில் இன்னும் மூன்று புள்ளி இருக்கிறது. முடித்த அன்றைக்கு ரமணன் மறுபடி அதே மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் தள்ளினான். 'டப்' என்று ஒரே சத்தத்தில் மூடியது. எதிர்க் கடையில் இரண்டு டீயும் ஒரு பரோட்டாவும் சொன்னான். பரோட்டா முழுவதும் எனக்கு.

அப்புறம் அவன் வேலை. ஸ்பிரிங்கை வெட்டி காரை நாலு விரல் தாழ்த்தினான். முன்சக்கரம் இரண்டையும் சேர்க்கிற கம்பி மெலிந்து போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, ஷார்ஜா ஸ்கிராப்பில் பழைய பிக்கப்பில் இருந்து தடித்த கம்பி ஒன்றைக் கழற்றி வந்து மாட்டினான். வளைவில் சாயாமல் பிடிப்பது அதுதான். மூக்குப் பாரத்தைக் குறைக்க பேட்டரியை டிக்கிக்குக் குடிவைத்தான். அகலமான டயர் போட்டான். அந்த டயர் உள்ளே அடங்காததால் பின்பக்கத் தகரத்தைச் சக்கரத்துக்கு மேலே உள்ளிருந்து தட்டித் தட்டி வெளியே உப்ப வைத்தான். அதற்கு மட்டும் நாலு நாள். முடிந்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடித் தடவினான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சுத்தியல் அவன் பக்கத்தில் இருந்தது.

கடைசி வேலை காரைச் சமமாக நிறுத்துவது. டயருக்கும் மேலே உள்ள தகரத்துக்கும் நடுவில் நாலு மூலையிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் வளைவில் டயர் தகரத்தில் உரசிக் கிழியும். ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்பு வளையம் கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்யலாம். ஆனால் காலி வண்டியில் அளந்து பயனில்லை. என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "நீ இருந்தா கார் சிரிக்குது. அர்பாப் இருந்தா அழும். அவற்ற பாரம் வேணும்."

அர்பாப்பைக் கூப்பிட்டு ஒரு வாரம் சீட்டில் உட்கார வைக்க முடியுமா? அப்போதுதான் எனக்குத் தங்கராசு அண்ணனின் அரிசி ஞாபகம் வந்தது. ஆமாம், யோசனை என்னுடையதுதான்.

நாங்கள் இருந்த ரூமில் எட்டுப் பேர். கம்பெனி வேறு வேறு, சமையல் ஒன்று. பெரம்பலூர்க்காரர் தங்கராசு அண்ணனுக்கு செராமிக் கம்பெனியில் நைட் டூட்டி. பகலில் கொஞ்சம் தூங்கிவிட்டு எல்லாருக்கும் அவர்தான் பொங்குவார். மாத அரிசி நாலு மூட்டை அன்றைக்குத்தான் இறங்கியிருந்தது. மூன்று மூட்டை நூற்று இருபது கிலோ, கிட்டத்தட்ட அர்பாப். மிச்சம் ஒன்று அம்மாவுக்கு.

தங்கராசு அண்ணன் லேசில் சம்மதிக்கவில்லை. "ஏன்டா, அரிசிய கார்ல ஏத்தி ஊர் சுத்திக் காட்டப் போறீங்களா?"

"அண்ணை, என்ர கலியாணம் உங்கட கையிலதான் இருக்கு" என்றான் ரமணன்.

"கையில இல்லப்பா, என் சட்டியில இருக்கு" என்றார். ஆனாலும் கொடுத்தார். பெட்ரோல் படக் கூடாது, மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வேலை முடிகிறவரை கடையில் சில்லறையாக அரிசி வாங்கிப் பொங்குவதாகப் பேச்சு.

டிரைவர் சீட்டில் மூன்று மூட்டையை அடுக்கி ஒரு கயிற்றால் கட்டினோம். ரமணன் அதன் தலையில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு, மேலே ரப்பர் ஹோஸில் ஒரு கறுப்பு வளையமும் செய்து மாட்டினான். காலையில் வந்ததும் இரண்டு பேரும் அதற்கு சலாம் வைத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிப்போம். "அர்பாப், லீவு" என்று நான் கேட்பேன். மூட்டை பேசாது. "பேசாம இருக்கிறார், அப்ப சம்மதம்தான்" என்பான் ரமணன். ஒருநாள் நிஜ அர்பாப் திடீரென்று உள்ளே வந்துவிட்டார். நான் துண்டைப் பிடுங்கி முகம் துடைக்க ஆரம்பித்தேன். ரப்பர் வளையம் என் கையில் வளையலாக ஏறிவிட்டது. அவர் மூட்டைகளை எண்ணினார்.

"கம் கிலோ?" எத்தனை கிலோ என்று கேட்டார்.

ரமணன் உண்மையைச் சொன்னான். அவர் தன் வயிற்றைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "அனா மியா" என்றார். நான் நூறுதான். அம்மாவிடம் புகார் சொல்லப் போகிற பிள்ளை மாதிரிப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மத்தியானம். ரமணன் சாமான் வாங்கப் போயிருந்தான். நான் வேறொரு காருக்கு அடியில் கிடந்தேன். இரண்டு ரப்பர் செருப்பு நடந்து வந்து மஞ்சள் காருக்குப் பக்கத்தில் நின்றது. கூடவே ஒரு நீல வாளி. கதவு திறக்கிற சத்தம், அப்புறம் 'சர்ர்ர்' என்று அரிசி கொட்டுகிற சத்தம். தலையை நீட்டிப் பார்த்தேன். தங்கராசு அண்ணன் அர்பாப்பின் வயிற்றை அவிழ்த்து வாளியைக் கீழே பிடித்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்தார். "தம்பி, ஒரே ஒரு வாளி. கடையில வாங்குனது சோறா அது, பொங்குனா கோந்து. அர்பாப்புக்குத் தெரியவா போவுது?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அன்றைக்குச் சோறு நன்றாக இருந்தது. ரமணன் இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டான். நான் சொல்லவில்லை. மறுநாளும் வாளி வந்தது. அதற்கு மறுநாளும், அப்புறம் தினமும் வந்தது. எட்டுப் பேர், ஒரு நாளைக்கு ஐந்து கிலோ. குறைகிற பாரத்துக்கு ஏற்ப ரமணன் ஸ்பிரிங் வளையத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். எனக்குக் கணக்கு வராது, ஆனாலும் அவ்வளவு கூடவா வராது?

சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், கல்யாணம் முடிந்தால் சுதாவின் அண்ணன் கராஜிலேயே வேலை இருக்கிறது, திரும்பி வருவது சந்தேகம் என்று ரமணன் அந்த வாரம்தான் சொல்லியிருந்தான். அவன் போய்விட்டால் அந்தத் தகரக் கொட்டகையில் நான் யாரோடு சண்டை போடுவேன்? கார் தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று முழு மனதாக நினைத்தேனா, அதுவும் தெரியவில்லை. வாளி வந்தது, போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்ட் அன்றைக்குச் சாயங்கால அசர் தொழுகை முடிந்து அர்பாப் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் சாயங்காலம் ரமணனுக்கு ஃப்ளைட். மூட்டைகளை இறக்கிச் சுவரோரம் வைத்திருந்தோம். முன்சீட்டை மடக்கி அந்தம்மாவை உள்ளே ஏற்றுவதற்குள் அவர் மகனை நாலு திட்டு திட்டிவிட்டார். அர்பாப் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கார் பழைய பெருமூச்சை விட்டது.

ரமணன் வழக்கம்போல இடது பின்சக்கரத்துக்கு மேலே விரலை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல் போகவில்லை. ஒன்றுதான் போனது. அதுவும் நெருக்கி.

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குனிந்தபடியே என்னைப் பார்த்தான். நான் சுவரோரம் பார்த்தேன். அவன் எழுந்து போய் மேலே இருந்த வயிற்று மூட்டையை ஒரு கையால் தூக்கினான். அது தலையணை மாதிரி வந்தது. அந்த நேரத்தில் தங்கராசு அண்ணன் லுங்கியோடு, தோளில் துண்டோடு, இராத்திரிச் சமையலுக்கு அரிசி எடுக்க நீல வாளியை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணை" என்றான் ரமணன். "அர்பாப்பைச் சாப்பிட்டுட்டியளோ?"

"மாசத்துக்கு வாங்குன அரிசிப்பா. காருக்கா பொங்கிப் போட முடியும்?"

"யல்லா" என்று அவசரப்படுத்தி அர்பாப் ஹார்னை அடித்தார்.

ரமணன் தங்கராசு அண்ணனை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ஒரு மூட்டை விலை பேசுகிற மாதிரிப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. என் கவராலை, சட்டையும் பேண்ட்டும் ஒன்றான அந்த வேலை உடுப்பை, கழற்றினேன். இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தொட்டி மறைவுக்கு இழுத்துக்கொண்டு போய் லுங்கிக்கு மேலேயே கவராலை மாட்டினோம். வயிற்றுக்கு மேலே பட்டன் வரவில்லை. துண்டால் மறைத்தோம்.

"எங்கடா ஏத்துறீங்க? எனக்கு டூட்டி இருக்குடா."

"வலப்பக்கச் சீட்டு. இடப்பக்கம் நீங்கள் திண்ட பாரத்தை வலப்பக்கம் இருந்து குடுங்கோ. வாயைத் திறக்காதேங்கோ."

"ஹாதா முஹந்திஸ்" என்று அர்பாப்பிடம் சொன்னான் ரமணன். இவர் என்ஜினியர். ஷார்ஜாவில் இருந்து வந்திருக்கிறார், கூட உட்கார்ந்து சத்தம் கேட்டுப் பார்ப்பார். அர்பாப் என்ஜினியரின் ரப்பர் செருப்பைப் பார்த்தார். அதற்குள் தங்கராசு அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கார் வலது பக்கம் இறங்கியது. ரமணன் ஓடிப்போய் இடது பக்கம் விரலை விட்டான். ஒன்றரை.

"ஒண்டரை" என்றான் என்னிடம். "ஒண்டரையில எனக்குக் கலியாணம்."

மூன்று சுற்று. நாங்கள் ரோட்டோரம் நின்று பார்த்தோம். ரமணன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். முதல் சுற்றில் அந்தம்மாவின் கறுப்பு முக்காடு பின்கண்ணாடியில் நட்டநடுவில் தெரிந்தது. இரண்டாவது சுற்றிலும் அதே இடம். அர்பாப்புக்குத் தைரியம் வந்து மூன்றாவது சுற்றில் மிதித்தார். கூஜாவைச் சுற்றி டயர் கத்தியது. கார் சாயவில்லை. தண்டவாளம் போட்ட மாதிரி வளைந்தது. தங்கராசு அண்ணன் மட்டும் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அப்போது எனக்குள் ஏதோ ஒன்று, போடா, போய்க் கல்யாணம் பண்ணிக்கோ என்று சொன்னது. அதற்குப் பிறகுதான் எனக்கு முழு மூச்சு வந்தது.

கார் வந்து நின்றது. அந்தம்மா மெதுவாக இறங்கினார். மகனை ஒன்றும் சொல்லவில்லை. நேரே ரமணனிடம் வந்து மூடியிருந்த கையை நீட்டித் திறந்தார். உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு அரிசி. சீட் இடுக்கில் இருந்து பொறுக்கியிருக்கிறார். அதை ரமணன் கையில் கொட்டிவிட்டு, எனக்கு முன்னால் யாரோ இதில் பயணம் போயிருக்கிறார்கள் என்று அரபியில் சொன்னார். அப்புறம் தங்கராசு அண்ணன் பக்கம் திரும்பி, உங்கள் என்ஜினியர் நல்லவர், ஆனால் அவரிடம் மீன் குழம்பு வாசனை வருகிறது என்றும் சொன்னார். முகத்திரைக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. மகனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

"கலாஸ்" என்றார் அர்பாப். முடிந்தது என்று அர்த்தம். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கடைத்தெருவுக்கு ஓடியிருப்பான். நகை, சேலை, சென்ட், ஒன்றும் அவன் வாங்கியிருக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் நான் கராஜுக்குப் போனபோது ரமணன் எனக்கு முன்னால் வந்து காரின் இடது பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி வைத்திருந்தான். "அந்த மனுசி திரும்பவும் ஏறும், மச்சான். எல்லா நாளும் தங்கராசு அண்ணை கூட இருப்பாரே?" என்றான். டூட்டி முடிந்து வந்த தங்கராசு அண்ணனைத் தூங்க விடாமல் பிடித்து ஸ்கிராப் கடைத் தராசில் ஏற்றினோம். அவர் எடை போகக் குறைந்ததற்கு அரிசியை மடியில் கட்டி, நூற்று இருபதாக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். அரிசியைக் கட்டிக்கொண்டே அவர் குறட்டை விட்டார். ரமணன் வளையம் மாற்றி மாற்றி, இரண்டு விரல் சரியாகப் போகிறவரை விடவில்லை. மணி ஒன்று ஆகிவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "இனி வாளியைக் கண்டா சொல்லு, என்ன?"

நான் ம் என்றேன். அவனுக்குத் தெரிந்திருந்ததா, தங்கராசு அண்ணன் சொல்லியிருந்தாரா, இல்லை சும்மா வாய்க்கு வந்த பேச்சா? நான் கேட்கவில்லை. ஆறு வருடம் கூடவே இருந்தும் கேட்கவில்லை.

ஆமாம், அவன் திரும்பி வந்துவிட்டான். நாற்பது நாளில். ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடையும் கல்யாண ஆல்பமும் கொண்டுவந்தான். ஆல்பத்தில் ஒரு படத்தில் மாப்பிள்ளை சபையைப் பார்க்காமல் ஊர்வலக் காரின் சக்கரத்துக்கு மேலே விரலை விட்டுக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் சுதா தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இப்போது அதெல்லாம் எங்கே? கராஜ் இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம். கூஜாவை இடித்துவிட்டு சிக்னல் போட்டுவிட்டார்கள். சிவப்புக்கு நிற்கிறார்கள், பச்சைக்குப் போகிறார்கள், யாரும் எந்தப் பக்கமும் வழுக்குவதில்லை. மஞ்சள் காரை அர்பாப் குவைத்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அதன் வயிற்றில் என் வெல்டிங் இன்னும் இருக்கும். தங்கராசு அண்ணன் ஊரில் ஹோட்டல் வைத்துவிட்டார். போன் கார்டைச் சுரண்டுகிற ஆளையும் இப்போது அவ்வளவாகப் பார்க்க முடியவில்லை. நானும் ரமணனும் ருவைஸுக்கு வந்து ஒரே கேம்ப்பில் அடுத்தடுத்த ரூமில் இருந்தோம்.

போன மாதம் ஒரு காலையில் ரமணனை டூட்டிக்கு எழுப்பப் போனார்கள். எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டான். ஒரு நோய் இல்லை, ஒரு தலைவலி இல்லை. முதல்நாள் சாயங்காலம்கூட என் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சட்டை இன்னும் அவன் கொடியில் கிடக்கிறது, எடுக்கப் போகவில்லை.

பேப்பர் வேலை முடித்து ஏர்போர்ட் கார்கோவுக்குக் கூடப் போனது நான்தான். அவன் பெட்டியைத் தராசில் ஏற்றினார்கள். அங்கே நின்ற ஆள் எண்ணைப் பார்த்து எழுதினான். எழுதியதை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டான். நான் அந்த எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். எடைக்கு மூட்டையை அடுக்கிப் பழகியவன் நான். பார்த்திருந்தால் எத்தனை மூட்டை என்று மனசு கணக்குப் போட்டிருக்கும்.

சுதா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணை, அவர் கடைசியா என்ன சாப்பிட்டவர்?" சோறுதான் என்றேன். நான் பொங்கியது. மகளுக்கு நாலு வயது. பின்னால் அவள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

ரமணா, அந்த வாளியை நான் முதல் நாளே பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இவ்வளவு நேரம் கூட இருந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சாமி எந்தச் சாமியானாலும் சரி, இன்றைக்குச் சோற்றில் கை வைக்கும்முன் ரமணன் என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். அவன் போகிற வழியில் எந்த வளைவிலும் அவன் சாயாமல் இருக்க வேண்டும் என்று. சுதாவுக்கும் அந்தக் குழந்தைக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.